இரண்டு கட்சியும் கசந்துவிட்டதா? உங்கள் ஓட்டை வைத்து என்னென்ன செய்யலாம்

தேர்தல் வரும்போதெல்லாம் "எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி" என்று அலுத்துக்கொண்டு, கடைசியில் போன தடவை ஜெயித்தவர் மேல் இருக்கிற கோபத்தில் எதிர்த்தரப்புக்கு ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு வருகிறவரா நீங்கள்? இல்லை, அந்த அலுப்பிலேயே வாக்குச்சாவடிப் பக்கம் போவதை விட்டுவிட்டவரா? இது உங்களுக்காக எழுதியது. நானும் தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் வீட்டிலேயே இருந்தவன், அதை ஒரு எதிர்ப்பு என்று உண்மையாகவே நம்பியவன். அந்த எதிர்ப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. உடம்பு சரியில்லாமல் வராதவர், வெளியூர் போனவர், நான் எல்லாரும் "வாக்களிக்காதவர்கள்" என்ற ஒரே எண்ணுக்குள் போய்விட்டோம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்ற உங்கள் எண்ணத்தை மாற்ற நான் முயலப்போவதில்லை. பல இடங்களில் அது சரியான எண்ணம்தான். ஆனால் இரண்டே கட்சிகள் மாறி மாறி வருவதற்கு அந்தக் கட்சிகளின் சாமர்த்தியம் மட்டும் காரணமில்லை. ஓட்டை எண்ணுகிற விதி ஒரு காரணம், வேட்பாளர் யார் என்று முடிவாகிற அறை இன்னொரு காரணம். நம் கோபம் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்துக்கும் போய்ச் சேருவதே இல்லை. அதைப் போய்ச் சேர வைப்பது எப்படி என்பதுதான் இனி வருவது.

கோபம் எதன் மேல்?

ஒரு தாளை எடுத்து எழுதுங்கள், மனதுக்குள் வைத்துக்கொண்டால் தெளிவாகாது. "பிடிக்கவில்லை" என்று எழுதினால் போதாது. இரண்டு கட்சிகளின் கொள்கையும் ஒன்றாகிவிட்டது என்பதா உங்கள் குறை? கொள்கை பரவாயில்லை, நிற்கிற ஆட்கள்தான் சரியில்லையா? உங்களுக்கு உயிர்ப்பிரச்சினையாக இருக்கிற ஒன்றை இரண்டு பேருமே தொடுவதில்லையா? இல்லை, உங்கள் தொகுதி ஒரு கட்சியின் கோட்டை, யார் ஜெயிப்பார் என்று ஆறு மாதம் முன்பே தெரியும், அதனால் ஓட்டுக்கு வேலையே இல்லை என்பதா?

நான்கும் வேறு வேறு நோய். ஆள்தான் பிரச்சினை என்றால் வேட்பாளர் தேர்வுக்குள் நுழைவதுதான் வழி. கோட்டைத் தொகுதிதான் பிரச்சினை என்றால் எண்ணும் விதியை மாற்றக் கேட்கவேண்டும், ஆள் மாறினாலும் உங்கள் நிலை மாறாது. ஒரு குறிப்பிட்ட பிரச்சினை என்றால் தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களைவிட, தேர்தல்களுக்கு இடைப்பட்ட வருடங்கள்தான் உங்கள் களம்.

எண்ணுகிற முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், யார் அதிக வாக்கு வாங்கினாலும் அவர் ஜெயித்தார், பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த முறை இருக்கிற இடத்தில் காலப்போக்கில் இரண்டு பெரிய கட்சிகள்தான் மிஞ்சும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மொரிஸ் துவெர்ஜே 1950-களிலேயே விளக்கியிருக்கிறார். காரணம் எளிமையானது. மூன்றாவதாக வருகிறவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அது தெரிந்ததும் வாக்காளர், "பிடித்தவருக்குப் போட்டு ஓட்டை வீணாக்குவதைவிட, பிடிக்காதவரைத் தோற்கடிக்கக் கூடியவருக்குப் போடலாம்" என்று நகர்ந்துவிடுகிறார். பணம் கொடுப்பவர்களும் நல்ல வேட்பாளர்களும் அதே கணக்கைப் போட்டு அதே பக்கம் நகர்கிறார்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே ஒரு தேர்தலைப் பாருங்கள். 1983 பிரிட்டன். லேபர் கட்சிக்கு சுமார் 27.6 சதவீத வாக்கு, 209 இடங்கள். லிபரல் - சமூக ஜனநாயகக் கூட்டணிக்கு சுமார் 25.4 சதவீதம், கிடைத்தது 23 இடங்கள். இரண்டே சதவீத வித்தியாசம்தான். ஒருவரின் ஓட்டுகள் குறிப்பிட்ட பகுதிகளில் குவிந்திருந்தன, மற்றவருடையது நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1992 அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார், ஆனால் மாநிலவாரியாகக் கிடைத்து அதிபரை முடிவுசெய்கிற தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்த விதியை இயற்கை நியதி போல எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்தியாவில் இதே முறைதான், ஆனாலும் நாடாளுமன்றத்தில் கட்சிகள் ஏராளம், ஏனென்றால் மாநிலத்துக்கு மாநிலம் மோதிக்கொள்ளும் ஜோடி வேறு. மால்டாவிலோ விருப்ப வரிசைப்படி எண்ணி, வாக்கு அளவுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை இருந்தும் பல பத்தாண்டுகளாக இரண்டே கட்சிகள்தான் கோலோச்சுகின்றன. விதி ஒரு பெரிய அழுத்தம், ஆனால் எல்லாவற்றையும் அதுவே முடிவுசெய்துவிடுவதில்லை.

உங்கள் இடத்தில் எது நடைமுறையில் இருக்கிறது என்று தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் தனித்தனியாகப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் நாடாளுமன்றத்துக்கு ஒரு முறை, உள்ளாட்சிக்கு வேறு முறை என்று இருக்கலாம். இரண்டாம் சுற்று உண்டா? அப்படியென்றால் முதல் சுற்றில் தயங்காமல் மனதுக்குப் பிடித்தவருக்குப் போடலாம், ஆனால் பிடித்தவர்கள் பத்துப் பேராகச் சிதறினால் இரண்டாம் சுற்றில் யாருமே மிஞ்சாமல் போகவும் கூடும். வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிற முறையா? அப்படியானால் உங்கள் முதல் தேர்வு வெளியேறினாலும் ஓட்டு அடுத்தவருக்கு மாறும், பயமில்லை. கட்சிக்கு ஓட்டுப் போட, வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப இடம் பிரிகிற கட்சிப் பட்டியல் முறையா? இடம் கிடைக்கக் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம் வேண்டும் என்று பாருங்கள், அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால் அந்த ஓட்டுகளுக்கு இடம் கிடைக்காது.

தொகுதியின் கணக்கை நீங்களே போடுங்கள்

இதற்கு ஒரு மணி நேரம் போதும், யாருமே செய்வதில்லை. உங்கள் தொகுதியின் கடைசி மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவர், இரண்டாவது வந்தவர், இருவருக்கும் வித்தியாசம், மூன்றாவதிலிருந்து கடைசிவரை எல்லாரும் சேர்ந்து வாங்கியது, வாக்களிக்க வராதவர்கள், இந்த ஐந்து எண்களையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணத்துக்கு, ஜெயித்தவருக்கு 41,000, அடுத்தவருக்கு 38,500, மற்றவர்கள் எல்லாருக்கும் சேர்த்து 6,000 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2,500. மற்றவர்களின் ஓட்டு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்தத் தொகுதியில் பெரிய கட்சிகள் இரண்டுமே அந்த 6,000 பேரை நினைத்துத் தூக்கமில்லாமல் இருக்கும், அந்த 6,000 பேருக்குத்தான் அது தெரியாது. வித்தியாசம் 30,000 என்றால் கதையே வேறு. அங்கே "ஓட்டு வீணாகும்" என்ற பயத்துக்கே இடமில்லை. நீங்கள் பெரிய கட்சிக்குப் போட்டாலும் முடிவு மாறப்போவதில்லை என்னும்போது, பிடித்த மூன்றாம் ஆளுக்குப் போடுவதால் இழப்பு என்ன? அந்த எண்ணிக்கை ஏறுவது அடுத்த தேர்தலில் அவருக்கு ஆதாரமாக நிற்கும். பல நாடுகளில் கட்சிக்கு அங்கீகாரம், சின்னம், அரசு நிதி, டெபாசிட் திரும்பக் கிடைப்பது எல்லாம் வாக்கு சதவீதத்தைப் பொறுத்தது.

கடும் போட்டி இருக்கிற தொகுதியில் மட்டும் நிதானமாக யோசியுங்கள். 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ் ஜெயித்தது 537 வாக்கில், அதே மாநிலத்தில் மூன்றாம் தரப்பாக நின்ற ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000-க்கும் மேல். நேடருக்குப் போட்டவர்கள் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் ஓட்டு அவர்களுடையது. ஆனால் இரண்டு பெரிய வேட்பாளர்களில் ஒருவர் வந்தால் உங்களுக்கோ உங்களைச் சுற்றியிருப்பவர்களுக்கோ நிஜமான கேடு வரும் என்று நினைத்தால், அந்தக் கேட்டின் எடையையும் கணக்கில் சேர்த்துவிட்டு முடிவெடுங்கள். இதை உங்களுக்காக வேறு யாரும் முடிவுசெய்ய முடியாது, "ஓட்டைப் பிரிக்காதே" என்று மிரட்டுகிற கட்சிக்காரருக்கும் அந்த உரிமை கிடையாது.

வீட்டிலேயே இருந்துவிட்டால்? நோட்டா போட்டால்?

வராமல் இருப்பது பற்றி ஜமைக்காவிடம் கேட்கலாம். அங்கே பல பத்தாண்டுகளாக இரண்டே கட்சிகள். 2020 தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 37 சதவீதம்தான், ஐந்தில் மூன்று பேர் வரவே இல்லை. என்ன ஆயிற்று? ஆளுங்கட்சி 63-ல் 49 இடங்களோடு திரும்பி வந்தது, மீதி 14-ம் அந்த இன்னொரு கட்சிக்கு. வராதவர்கள் எந்த நாற்காலியையும் காலியாக வைக்க முடியவில்லை. கட்சிகளின் கணக்கில் பார்த்தால், வராத வாக்காளர் செலவில்லாத வாக்காளர். அவருக்கு வாக்குறுதிகூடத் தரத் தேவையில்லை.

நோட்டா போன்ற "யாரும் வேண்டாம்" வாய்ப்பு அதைவிட மேல், ஏனென்றால் அது எண்ணப்படுகிறது. ஆனால் எண்ணிய பிறகு என்ன நடக்கும் என்பது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும், போடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு நோட்டா வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூரில் எதிர்க்கட்சி வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுவிட, 2,18,674 பேர் நோட்டா போட்டார்கள், அது இரண்டாம் இடம் பிடித்தது. ஆனாலும் 12 லட்சத்துக்கு மேல் வாங்கியவர்தான் ஜெயித்தார். மக்களவைத் தேர்தல் விதிப்படி நோட்டா முதலிடம் பிடித்திருந்தாலும் அதற்கு அடுத்த இடத்தில் இருக்கிற வேட்பாளருக்குத்தான் வெற்றி. கொலம்பியாவில் அப்படியில்லை. அங்கே வெற்று வாக்கு, அதாவது யாரும் வேண்டாம் என்று போடுகிற ஓட்டு, பாதியைத் தாண்டினால் தேர்தலையே மறுபடி நடத்தவேண்டும், அதே ஆட்கள் நிற்க முடியாது. பெல்லோ என்ற நகரில் 2011 மேயர் தேர்தலில் ஒரே ஒரு வேட்பாளர்தான் இருந்தார், மக்கள் கூடிப் பேசி வெற்று வாக்கைப் பாதிக்கு மேல் கொண்டுபோய் அந்தத் தேர்தலையே செல்லாததாக்கினார்கள்.

ஆகவே விதிக்குப் பல் இருந்தால் நோட்டாவைக் கூட்டமாகப் பயன்படுத்துங்கள். பல் இல்லையென்றால், போடுவதோடு நிறுத்தாமல் ஏன் போட்டீர்கள் என்று எழுத்தில், பெயரோடு, இரண்டு கட்சிகளின் தொகுதி அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். காரணம் தெரியாத எதிர்ப்பை அவர்கள் தங்களுக்குச் சாதகமாக விளக்கிக்கொள்வார்கள். செல்லாத ஓட்டாகக் கிழித்துவிட்டோ கிறுக்கிவிட்டோ வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை, அது பெரும்பாலும் தவறுதலாகக் குறியிட்டவர்களின் ஓட்டோடு கலந்து மறைந்துவிடும்.

வேட்பாளர் முடிவாகிற அறைக்குள் நுழையுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது, நாம் அதிகம் வெறுக்கிற வேலையும் இதுதான்.

தேர்தல் நாளில் நமக்குக் கிடைப்பது வேறு யாரோ சமைத்து முடித்த இரண்டு பாத்திரங்கள். சமையலறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். 2022-ல் பிரிட்டனின் பிரதமராக லிஸ் ட்ரஸ் வந்தது பொதுத்தேர்தலில் அல்ல, அவருடைய கட்சி உறுப்பினர்கள் போட்ட 81,326 வாக்கில். நாட்டில் வாக்காளர்கள் நாலரைக் கோடிக்கு மேல். அமெரிக்காவில் 2018-ல் நியூயார்க்கின் ஒரு தொகுதியில், பத்து முறை ஜெயித்த மூத்த தலைவர் ஜோ கிரௌலியை அவருடைய கட்சிக்குள்ளேயே நடந்த முன்தேர்தலில் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்தார். சுமார் ஏழு லட்சம் பேர் வாழ்கிற தொகுதி அது, அந்த முன்தேர்தலில் பதிவான மொத்த வாக்கு 30,000-க்கும் குறைவு. கோட்டைத் தொகுதியில் உண்மையான தேர்தல் அந்த முன்தேர்தல்தான், நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் சடங்கு.

உங்கள் கட்சிகளில் வேட்பாளரை யார் முடிவுசெய்கிறார்கள் என்று விசாரியுங்கள். உறுப்பினர் வாக்கா, மாவட்டக் குழுவா, நேர்காணலா, தலைவரின் ஒற்றை முடிவா? உறுப்பினர்களோ பதிவுசெய்த வாக்காளர்களோ முடிவுசெய்கிற இடம் என்றால், இரண்டில் குறைவாக வெறுக்கிற கட்சியில் சேருங்கள். எத்தனை மாதம் உறுப்பினராக இருந்தால் வாக்குரிமை, சந்தா எவ்வளவு, கடைசி நாள் எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், தேர்தல் அறிவித்த பிறகு சேர்ந்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். உறுப்பினர் அட்டை வாங்கியதால் நீங்கள் அந்தக் கட்சியின் ஆள் ஆகிவிடுவதில்லை. பொதுத்தேர்தலில் உங்கள் ஓட்டு ரகசியம்தான். உங்களை மாதிரியே நினைக்கிற இருபது முப்பது பேர் சேர்ந்து போனால், பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும் கிளைக் கூட்டத்தில் உங்கள் குரல்தான் பெரிய குரல்.

தலைவரின் ஒற்றை முடிவு என்றால் உள்ளே போவதால் பயன் குறைவு, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். அப்போது உங்கள் கேள்வி வேட்பாளர் யார் என்பதிலிருந்து, கட்சிகள் உள்கட்சித் தேர்தல் நடத்தும்படி சட்டம் ஏன் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்கு நகரவேண்டும்.

மூன்றாவது கட்சியை நம்புவதற்கு முன்

சலித்துப்போன மனதுக்குப் புதிதாக வருகிற எவரும் மீட்பராகத் தெரிவார்கள். எனக்கும் அப்படித் தெரிந்திருக்கிறது. கோஸ்டாரிகாவில் பல காலம் இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆண்டன. 2000-ல் குடிமக்கள் செயல் கட்சி என்று ஒன்று தொடங்கியது, 2002 தேர்தலிலேயே கால்பங்கு வாக்கு வாங்கி அந்த ஆட்டத்தைக் கலைத்தது, 2014-லும் 2018-லும் அதிபர் பதவியைப் பிடித்தது. 2022 அதிபர் தேர்தலில் அதே கட்சிக்கு ஒரு சதவீதம்கூட வாக்கு கிடைக்கவில்லை, நாடாளுமன்றத்தில் ஒரு இடமும் இல்லை. இதில் இரண்டு செய்தி இருக்கிறது. இரண்டு கட்சி ஆட்டம் உடைக்க முடியாதது அல்ல. உடைத்தவர்கள் நிலைத்துவிடுவார்கள் என்பதும் கிடையாது.

அதனால் மேடைப் பேச்சை விட்டுவிட்டுச் சில விஷயங்களை மட்டும் பாருங்கள். தலைவரைத் தவிர நான்கு பேரின் பெயர் உங்களால் சொல்ல முடிகிறதா? நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலைச் சட்டம் கேட்காமலே வெளியிடுகிறார்களா? உள்ளாட்சியில் எங்காவது ஒரு வார்டையாவது நடத்திக் காட்டியிருக்கிறார்களா? எதிர்த்துப் பேசிய நிர்வாகியை என்ன செய்தார்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்தான் அவர்கள் ஆட்சிக்கு வந்தால் எப்படி இருப்பார்கள் என்பதை அதிகம் சொல்லும். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரங்களை வெளியிடச் சட்டம் இருக்கிற நாட்டில் அந்தப் பிரமாணப் பத்திரத்தைப் படித்துவிடுங்கள். புதிய கட்சி என்பதற்காகச் சலுகை தரவேண்டாம்.

சுயேச்சை ஒருவரை நீங்களே நிறுத்துவது

ஆஸ்திரேலியாவின் இண்டி தொகுதி பாதுகாப்பான கோட்டை என்று எல்லாரும் எழுதிவைத்திருந்த இடம். 2012-ல் அங்கே சிலர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினார்கள். கட்சி ஆரம்பிக்கவில்லை, தலைவரைத் தேடவும் இல்லை. வீடு வீடாகச் சமையலறை மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து, "நமக்கு எப்படிப்பட்ட பிரதிநிதி வேண்டும், இங்கே எது நம்மை வாட்டுகிறது" என்று பேசினார்கள், பேசியதை எழுதிவைத்தார்கள், எல்லாவற்றையும் தொகுத்து அப்போதைய உறுப்பினரிடம் கொண்டுபோனார்கள். அவரிடமிருந்து எதிர்பார்த்த பதில் வராததால் கேத்தி மெக்கோவன் என்பவரைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். 2013-ல் அவர் ஜெயித்தது 439 வாக்கில். 2019-ல் அவர் விலகிய பிறகு இன்னொரு சுயேச்சை ஹெலன் ஹெய்ன்ஸ் அதே தொகுதியில் வந்தார். அதே பாணியை எடுத்துக்கொண்டு மற்றத் தொகுதிகளிலும் ஆட்கள் கிளம்ப, 2022-ல் அவர்களில் சிலர் உட்பட, இரண்டு பெரிய அணிகளையும் சேராத 16 பேர் 151 பேர் கொண்ட அவைக்குள் போனார்கள்.

கவனியுங்கள், அங்கே விருப்ப வரிசை முறை இருக்கிறது, அதனால் "ஓட்டு பிரியும்" பயம் இல்லாமல் மக்கள் சுயேச்சைக்கு முதல் விருப்பம் தர முடிந்தது. உங்களிடம் அந்த முறை இல்லையென்றால் இதே வேலையை உள்ளாட்சியில் தொடங்குங்கள். வார்டில் ஜெயிக்கத் தேவையான ஓட்டு சில நூறுகளில் இருக்கும், வேட்பாளரை மக்கள் முகத்துக்கு முகம் அறிவார்கள், கட்சிச் சின்னத்தின் பலம் அங்கேதான் மிகக் குறைவு. வரிசை முக்கியம்: முதலில் பேச்சு, பிறகு கோரிக்கை, அப்புறம்தான் ஆள். ஆளிலிருந்து தொடங்கினால் அது ரசிகர் கூட்டமாகத்தான் முடியும்.

விதியை மாற்றச் சொல்லிக் கேட்பது

நியூசிலாந்து இதை முழுதாகச் செய்து காட்டிய நாடு. 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கிய கட்சி எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. 1981-ல் மூன்றாவது கட்சியான சோஷியல் கிரெடிட் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் 92-ல் 2 இடம்தான். மக்களிடம் இந்த எண்கள் ஊறிக்கொண்டே இருந்தன. ஓர் அரச ஆணையம் 1986-ல் அறிக்கை தந்தது, 1992 வாக்கெடுப்பில் 85 சதவீதம் பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள், 1993-ல் 54 சதவீதம் பேர் தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தார்கள், 1996-லிருந்து அப்படித்தான் நடக்கிறது. அறிக்கை வந்ததிலிருந்து எண்ணினாலும் பத்து வருடம். இதைச் சோர்வூட்ட எழுதவில்லை, எவ்வளவு மூச்சு பிடிக்கவேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

எங்கே சறுக்கும் என்பதைக் கனடாவிடமிருந்து கற்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2004-ல் குலுக்கல் முறையில் எடுத்த 160 சாதாரணக் குடிமக்களிடம் இந்தக் கேள்வியை ஒப்படைத்தார்கள். அவர்கள் பல மாதம் படித்து ஒரு புதிய முறையைப் பரிந்துரைத்தார்கள். 2005 வாக்கெடுப்பில் 57.7 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஆனால் 60 சதவீதம் வேண்டும் என்று அரசு முன்பே கோடு போட்டிருந்தது, அதனால் அது தோற்றது. தேசிய அளவில் 2015-ல் ஜஸ்டின் ட்ரூடோ, பழைய முறையில் நடக்கிற கடைசித் தேர்தல் இதுதான் என்று வாக்குக் கொடுத்தார், அதே பழைய முறையில் பெரும்பான்மை கிடைத்தது, 2017 பிப்ரவரியில் அந்த வாக்குறுதி கைவிடப்பட்டது. ஆகவே "மாற்றுவோம்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்தத் தேதிக்குள், எந்த வாக்கெடுப்பில், எத்தனை சதவீதம் தேவை என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

ஜெயித்த பிறகும் காவல் வேண்டும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2016-ல் மக்கள் வாக்களித்து விருப்ப வரிசை முறையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே சட்டமன்றம் அதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் ரத்தாகும்படி ஒரு சட்டம் இயற்றியது. மக்கள் மறுபடி தெருவில் இறங்கிக் கையெழுத்து வாங்கி, 2018 ஜூனில் இன்னொரு வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள்.

பெரிய கட்சிகள் தாமாக விதியை மாற்றிய கதையும் உண்டு, அதன் காரணம்தான் நமக்குப் பாடம். ஆஸ்திரேலியாவில் 1918-ல் ஸ்வான் என்ற தொகுதியின் இடைத்தேர்தலில் லேபர் வேட்பாளர் 35 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி ஜெயித்துவிட்டார், எதிர்த்தரப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததுதான் காரணம். அந்த எதிர்த்தரப்புதான் அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தது. அதே வருடம் விருப்ப வரிசை முறையைச் சட்டமாக்கிவிட்டார்கள். நியாய உணர்வு வந்து மாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை, வலித்தது, மாற்றினார்கள். மேலே தொகுதிக் கணக்கு எடுக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். மூன்றாம் தரப்பு ஓட்டு வித்தியாசத்தைத் தாண்டுகிற தொகுதிகளில்தான் அவர்களுக்கு வலிக்கும், உங்கள் உழைப்பை அங்கே குவியுங்கள்.

இடைப்பட்ட வருடங்களில்

ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள், பத்து எடுக்காதீர்கள். ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, என்ன பதில் வந்தது, எத்தனை நாளில் வந்தது, வரவே இல்லையா என்று குறித்துவையுங்கள். அவையில் உங்கள் உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்ற பதிவு பல நாடுகளில் பொதுவில் கிடைக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்சிகளும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைப்பது எவ்வளவு சரி என்பதற்கும் அந்தப் பதிவுதான் சாட்சி. சில விஷயங்களில் அச்சு அசலாக ஒன்றாக இருப்பார்கள், சிலவற்றில் எதிர்பாராத அளவு வித்தியாசம் தெரியும். எனக்கு அப்படித் தெரிந்தது, அதன் பிறகு "ராமன் ஆண்டால் என்ன ராவணன் ஆண்டால் என்ன" என்று நான் சொல்வதில்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வருடம் ஒரு முறை பாருங்கள், வீடு மாறியவர்கள் கட்டாயம் பாருங்கள். முடிவுகள் வந்த மறுநாள் எல்லாரும் யார் அமைச்சர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்த ஐந்து எண்களை எடுத்து உங்கள் தாளில் அடுத்த வரியாக எழுதுங்கள், வித்தியாசம் சுருங்கியிருக்கிறதா, மற்றவர்களின் ஓட்டு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள்.